அடுத்த உத்தரவு வரும் வரை

மணியை அழுத்திக் கையை எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணி. தெருவில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சங்கத்துலேர்ந்து வர்றீங்களா தம்பி?"

"ஆமாம்மா. சாரோட கம்ப்யூட்டரை எல்லாம் கழட்டி எடுத்து வைக்கச் சொன்னாங்க."

"வாங்க, வாங்க. அவர் இருந்தா உங்களை லேசுல விட்டிருக்க மாட்டார். விமானம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், அவருக்குச் சோறு தண்ணியே வேண்டாம்."

அந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

உண்மையில் நான் எதையும் கழற்றுவதற்காக வரவில்லை. ஒன்றை அழிப்பதற்காக வந்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் தான் ஓட்டிய விமானப் பயணங்களையெல்லாம் குரலோடு பதிவு செய்து வைக்கிற பழக்கம் உள்ளவர். அதில் ஒரு பதிவில் என் குரல் இருந்தது. யாராவது அதைக் கேட்டுவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும். சங்கத்தில் "யாராவது போய் அந்தம்மாவுக்கு உதவி செய்யுங்கள்" என்று நிர்வாகி கேட்டபோது முந்திக்கொண்டு கையைத் தூக்கியது அதனால்தான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

எங்களுடையது ஒரு வேடிக்கையான பொழுதுபோக்கு. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிலர் விமானம் ஓட்டுவார்கள். என்னைப் போன்ற சிலர் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வேஷம் கட்டிக்கொண்டு, ஹெட்போனில் அவர்களுக்கு உத்தரவு கொடுப்போம். இவ்வளவு உயரத்துக்கு இறங்கு, இடப்பக்கம் திரும்பு, இப்போது ஓடுபாதையில் இறங்கலாம். எல்லாம் இணையத்தில் நடப்பது. இரண்டு விமானம் மோதினாலும் ஒரு ஈ கூடச் சாகாது. ஆனால் விதிகள் மட்டும் நிஜ விமான நிலையத்தின் விதிகள். அதில் இம்மி பிசகினாலும் சங்கத்தில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

மற்ற நாட்களில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். முதலாளி "ஏய்" என்பார், வாடிக்கையாளர் "இந்தாப்பா" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பன்னிரண்டு விமானங்கள் என் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கும். அந்தப் போதை எனக்குத் தலைக்கேறியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இந்த வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தான் ஓட்டிய பழைய கிரேனின் எண்ணையே தன் விமானத்துக்கும் பெயராக வைத்திருந்தார். பதினாலு. உத்தரவு எதுவானாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் வைத்து நிறுப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கடைசியில் "சரிங்க சார்" என்பார். அதற்குள் மற்ற விமானங்களெல்லாம் பேச இடம் கிடைக்காமல் தவிக்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவகாசம். வைத்தவன் நான்.

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு இருபது. வானம் முழுக்க விமானங்கள், நடுவில் சாவகாசம். எரிச்சல் தாங்காமல் அவரை ஓரங்கட்டினேன். வானத்தில் ஓர் இடத்தைச் சுற்றிக் காத்திருக்கச் சொன்னேன். அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு நிமிடம் நேராகப் போக வேண்டும். ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். மறுபடி ஒரு நிமிடம் நேராக வந்து, ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். அப்படிக் காத்திருக்கச் சொல்லும்போது, இத்தனை மணிக்கு அடுத்த உத்தரவு வரும் என்று நேரம் சொல்லியாக வேண்டும். நேரம் சொல்லாமல் ஒருவரைச் சுற்ற விடுவது பெரிய தப்பு. பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நான் வேண்டுமென்றே சொல்லவில்லை.

மற்ற விமானங்களை இறக்கி முடித்ததும் மச்சான் வீட்டு விருந்துக்கு மனைவி கூப்பிட்டாள். அடுத்த நிலைத் தேர்வு எழுத எனக்கு இன்னும் ஆறு மணி நேரம் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் வெளியேறாமல், நான் அங்கேயே இருப்பதுபோலத் திரையை விட்டுவிட்டு, ஒலியை மட்டும் அடைத்தேன். கிளம்பும்போது திரையில் அந்தப் புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. 'சாவகாசம் சாவகாசமாகச் சுற்றட்டும்' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஏழு பேர் சிரித்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது புள்ளி இல்லை. அலுத்துப்போய் அணைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துச் சாவுச் செய்தி வந்தது. நாற்காலியில், ஹெட்போன் மாட்டியபடியே போய்விட்டாராம்.

"அறை அந்தப் பக்கம்," என்று அந்த அம்மா முன்னால் நடந்தார்.

பழைய வீடு. இறந்தவருடைய அறை வீட்டின் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு நீள நடைவழி, ஜன்னல் பக்கம் அதே நீளத்துக்கு ஒரு தாழ்வாரம். இரண்டு கோடியிலும் வழி உண்டு. அறையைச் சுற்றி வரலாம். நடைவழியின் பாதியில் அந்த அம்மா சட்டென்று நின்று, சுவரோடு ஒண்டிக்கொண்டார். எதிரில் யாரும் இல்லை. மூச்சு வாங்குகிறதோ என்று நானும் நின்றேன். பக்கத்தில் கிரீஸும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் கலந்த வாடை ஒன்று வந்து போனது. அப்புறம் அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி மேலே நடந்தார்.

அறையைத் துடைத்து வைத்திருந்தார்கள். மேஜை, பெரிய திரை, விமானம் திருப்பும் கைப்பிடி, பக்கத்தில் ஒரு முக்காலி.

"இந்த முக்காலியிலதான் தட்டை வெச்சேன்," என்றார் அவர். "ஒரு மணிக்குச் சக்கரை ஊசி போட்டுட்டேன். போட்டா உடனே சாப்பிட்டாகணும், இல்லேன்னா சக்கரை கிடுகிடுன்னு இறங்கிடும். 'சார் சுத்தச் சொல்லியிருக்கார், இப்பக் கூப்பிட்டுடுவார், இறங்கினதும் சாப்பிடறேன்'னார். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, தங்கச்சியைச் சேர்த்திருந்தாங்க. சரி, சாப்பிட்டுடுவார்னு மூடி வெச்சுட்டுப் போயிட்டேன். நாலு மணிக்கு வந்து பாக்கறேன், வெச்ச சோறு வெச்ச மாதிரியே இருக்கு."

நான் கம்ப்யூட்டர் கம்பிகளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கிரேன்ல இருந்த பழக்கம் தம்பி. கீழே நிக்கறவன் கை காட்டாம பாரத்தை ஒரு சாண் அசைக்க மாட்டார். மழையில நாலு மணி நேரம் மேலேயே உக்காந்திருக்கார் ஒரு தடவை. கீழ இருந்தவன் மறந்துபோய் வீட்டுக்குப் போயிட்டானாம்." லேசாகச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, வேறாக மாறியது. "என் பையன் போன்ல கேட்டான். 'ஊசியைப் போட்டுட்டு எப்படிம்மா போக மனசு வந்துச்சு, ரெண்டு வாய் ஊட்டிட்டுப் போயிருந்தா அப்பா இருந்திருப்பாரே'ன்னு. அதோட சரி. இன்னிவரைக்கும் என்கிட்ட பேசலை. அவன் கேட்டது நியாயம்தானே?"

இல்லையென்று சொல்ல உலகத்தில் ஒருவனால்தான் முடியும். அவன் அவர் முன்னால் குனிந்து கம்பியை எண்ணிக்கொண்டிருந்தான்.

"டீ போட்டுக் கொண்டுவரேன்," என்று அவர் போனார்.

கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். பதிவுகள் எல்லாம் தேதிவாரியாக ஒழுங்காக இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பிடித்தேன். பதிவின் நீளம் முந்நூற்றுப் பதினோரு மணி நாற்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது. அன்று காலை பதினொன்றுக்குத் தொடங்கியது. நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மெயினையே அணைத்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அதில் ஒன்றும் இருக்க வழியில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தைந்து நாற்பத்தாறானது.

நடைவழியில் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா என்று நினைத்தேன். கதவைத் தாண்டிப் போனது. பிறகு சத்தமில்லை. பிறகு ஜன்னல் பக்கத்துத் தாழ்வாரத்தில் அதே செருப்பு, எதிர்த் திசையில். பிறகு சத்தமில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவும் ஓசை வந்துகொண்டுதான் இருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

நடைவழியில் ஒரு நிமிடம். திருப்பத்தில் ஒரு நிமிடம். தாழ்வாரத்தில் ஒரு நிமிடம். திருப்பத்தில் ஒரு நிமிடம்.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் பதிவை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது. அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்றேன். பட்டியலில் இருந்து மறைந்தது.

செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியில் நின்றது.

பட்டியலில் அது மறுபடி வந்தது. முந்நூற்றுப் பதினோரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

மூன்று தடவை அழித்தேன். மூன்று தடவையும் வந்தது. கடைசியில், அதில் என்னதான் இருக்கிறது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு திறந்தேன். ஒரு மணி இருபதாம் நிமிடத்துக்குத் தள்ளினேன். என் குரல் வந்தது. இவ்வளவு கேவலமாகவா நான் பேசுகிறேன் என்று இருந்தது.

"பதினாலு, நான் சொல்றவரைக்கும் அங்கேயே சுத்துங்க. நடுவுல பேசாதீங்க."

"நீங்க சொல்றவரைக்கும்... இங்கேயே சுத்தறேன். சரிங்க சார்." கொஞ்சம் இடைவெளி. "நேரம் சொல்லலையே சார்."

அதற்குப் பதில் இல்லை. தள்ளிக்கொண்டே போனேன். நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் குரல் வந்தது.

"பதினாலு. சுத்து முடிஞ்சுது. காத்திருக்கேன்."

மூன்று மணி நேரத்தைத் தாண்டியதும் வார்த்தைகள் குழறின.

"சார், கை கொஞ்சம் நடுங்குது. அவசரம் ஒண்ணுமில்லை. இருக்கீங்களா சார்?"

"சார்... வேர்த்துக் கொட்டுது. திரை சரியாத் தெரியலை. நீங்க சொன்னா இறங்கிடுவேன். இருக்கீங்களா?"

நான் அப்போது மச்சான் வீட்டில் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி நேரத்துக்கு அப்பால் மௌனம். பிறகு யாரோ அலறியது, ஆட்கள் ஓடி வந்தது, மெயின் அணைந்த சத்தம். அதற்கு மேல் பதிவில் எதுவும் இருக்கக் கூடாது. கடைசிக்குத் தள்ளினேன். முந்நூற்றுப் பன்னிரண்டாவது மணி. இந்த நிமிடம்.

"பதினாலு. சுத்து முடிஞ்சுது. காத்திருக்கேன்."

குரலில் குழறல் இல்லை. தெளிவாக, சாவகாசமாக இருந்தது.

வெடுக்கென்று ஹெட்போனைப் பிடுங்கினேன். இழுத்த இழுப்பில் அதன் கம்பி கம்ப்யூட்டரிலிருந்து கழன்று வந்துவிட்டது. பதட்டத்தில் கை எங்கோ பட்டுப் பதிவு பழைய இடத்துக்குத் தாவியது. ஒலி இப்போது ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

"பதினாலு, நான் சொல்றவரைக்கும் அங்கேயே சுத்துங்க. நடுவுல பேசாதீங்க."

வாசலில் டீயோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

நிறுத்த வேண்டும் என்று பாய்ந்தேன். "விடுங்க," என்றார். குரல் உயரவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். அவர் டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு, நின்றபடியே, பேச்சில்லாத இடங்களைத் தள்ளச் சொல்லி முழுவதையும் கேட்டார். கை நடுங்குவதைச் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். டீயில் ஆடை படிந்திருந்தது.

"இது உங்க குரல்தானே?"

நானாக ஒப்புக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. பிடிபட்ட பிறகுதான் தலையை ஆட்டினேன்.

"சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க."

"நான்தாம்மா. நான்தான் சுத்தச் சொன்னேன். நேரம் சொல்லலை. அவர் கூப்பிட்டது எதுவும் நான் கேக்கலை. விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன். இன்னிக்கு இதை அழிக்கத்தான் வந்தேன்." அழுதேன். அந்த அழுகைகூட எனக்காகத்தான் என்று தெரிந்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க. இதை என் பையனுக்கு அனுப்புங்க. நீங்க யாருன்னும் எழுதுங்க," என்றார். முதல் ஐந்து மணி நேரத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். நான் செய்தது, என் பெயர், முகவரி, கடை முகவரி, போன் எண் எல்லாம் எழுதினேன். பத்து நிமிடத்தில் அவருடைய போன் அடித்தது. மகன். "அம்மா" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. அதற்கு மேல் இரண்டு பக்கமும் விசும்பல்தான். "அப்புறம் பேசறேன்டா கண்ணா. உங்கப்பா இன்னும் முடிக்கலை," என்று வைத்துவிட்டார்.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் கேக்குதில்ல?"

"கேக்குதும்மா."

"பதிமூணு நாளா நடக்கறார். ராத்திரி பகல் கிடையாது. நடைவழியில வந்தா நான் ஒதுங்கி வழி விட்டுடுவேன். என் மேல கோவம்னு நினைச்சேன்." ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னா இறங்குவார்?"

ஹெட்போனைத் திரும்பவும் செருகினேன். பேசும் பொத்தானை அழுத்தி, முறைப்படி, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னேன். பதினாலு, காத்திருப்பு முடிந்தது, ஓடுபாதை காலியாக இருக்கிறது, இறங்கலாம். மன்னிப்பும் கேட்டேன்.

பதில் இல்லை. செருப்பு தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்த் திரும்பியது. ஒரு நிமிடம். நடைவழியில் வந்தது. ஒரு நிமிடம்.

இரண்டாம் தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னேன். என் சொல் அவரிடம் செல்லாக் காசாகிவிட்டிருந்தது.

"குடுங்க இங்கே," என்றார் அந்த அம்மா. அதற்கப்புறம் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவேயில்லை. ஹெட்போனைத் தலையில் வைத்துக்கொண்டார். அது அவருக்குப் பெரிதாக இருந்தது. பொத்தான் எது என்று தெரியவில்லை. நான்தான் அழுத்திப் பிடித்தேன்.

அவர் என் உத்தரவு எதையும் சொல்லவில்லை.

"ஏங்க. மணி ஒண்ணாகப் போகுது. போதும் சுத்தினது. சாப்பிட வாங்க."

செருப்பு நின்றது.

ஹெட்போனில் பேசியது அதை மாட்டாத எனக்கும் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்தது குரல்.

"மணி ஒண்ணாகப் போகுது... போதும் சுத்தினது... சாப்பிட வர்றேன். சரி."

ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்.

ஜன்னல் பக்கத்துச் சத்தம் இந்தத் தடவை திரும்பவில்லை. நேராக அறைக்குள் வந்தது. என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த முக்கால் அடி இடைவெளியில் கிரீஸ் வாடையோடு நிதானமாகக் கடந்தது. நடைவழியில் இறங்கி அடுக்களைக்குள் போனது. அங்கே நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

அந்த அம்மா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். முகத்தில் பயம் இல்லை. அடுப்பில் எதையோ விட்டுவிட்டு வந்தவரின் அவசரம் மட்டும்தான் இருந்தது.

"நீங்க கிளம்புங்க. வெளியாள் இருந்தா அவருக்குச் சாப்பிடக் கூச்சம்."

அவர் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு, அந்தக் கதவைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி நடைவழியைக் கடந்தேன். உள்ளே தட்டு வைக்கும் ஓசை. தண்ணீர் ஊற்றும் ஓசை. வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தேன். கால் நுழைய மாட்டேன் என்றது.

அப்போது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, எந்தக் கருவியும் இல்லாமல், அந்தச் சாவகாசமான குரல் கேட்டது.

"அந்த சாரும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை போலிருக்கே. அவருக்கும் ஒரு தட்டு வை."

அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நாற்காலி மறுபடி இழுபட்டது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து யாரோ கதவருகில் வந்து நின்றார்கள்.

"சார்... இருக்கீங்களா?"

வெளியே நல்ல வெயில். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கி ஓடினேன்.

இந்தத் தடவையும் நான் பதில் சொல்லவில்லை.